அவர்களை நண்பர்கள் என்று எழுதாதீர்கள்

தமிழில் உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், அதை அச்சிட்டு விற்கிறவர்களுக்கும்,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் பண்டைய கிரேக்கப் போர்களைப் பற்றிய ஒரு புத்தகம் வாங்கினேன். பெயர் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் எனக்கு முன்னாலேயே அதைப் படித்து முடித்தாள். தீப்ஸ் நகரத்தின் புனிதப் படை பற்றிய பக்கத்தில், 150 ஜோடி உயிர் நண்பர்களைக் கொண்ட படை என்று இருந்தது. “நண்பர்கள்னா மூணு பேர் இருப்பாங்க, அஞ்சு பேர் இருப்பாங்க. ஏன்ப்பா கரெக்டா ரெண்டு ரெண்டு பேரா நிறுத்தினாங்க?” என்று கேட்டாள். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை, எப்படி இருக்கும், பதிலைத்தானே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்!

அவர்கள் காதலர்கள். அந்தப் படையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி புளூடார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதியது. அவர் இதை மூடி மறைக்கவே இல்லை. கி.மு. 382-இல் ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகரம் தீப்ஸின் கோட்டையைத் திடீரென்று பிடித்துக்கொண்டது, 379-இல் பெலோபிடாஸ் என்ற தீப்ஸ் தலைவரும் கூட்டாளிகளும் நகரை மீட்டார்கள், அதற்கடுத்த வருடம்வாக்கில் கோர்கிதாஸ் என்ற தளபதி 300 பேரைப் பொறுக்கியெடுத்து, நகரத்தின் செலவிலேயே சோறு போட்டுப் பயிற்சி கொடுத்து கோட்டையில் வைத்திருந்தார். அந்த 300 பேரும் காதலிப்பவன், காதலிக்கப்படுபவன் என்ற இணைகளால் ஆனவர்கள் என்று சிலர் சொல்வதாகப் புளூடார்க் எழுதுகிறார். கூடவே பம்மெனிஸ் என்ற தீப்ஸ்காரர் அடித்த ஒரு நக்கலையும் சேர்க்கிறார். ஹோமரின் காவியத்தில் நெஸ்டர் என்ற கிழவர் படையைக் குலவாரியாக, கிளைவாரியாக நிறுத்தச் சொல்வார் இல்லையா, அவருக்குப் போர்க்கலையே தெரியவில்லை, காதலனைக் காதலனுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்றாராம். ஆபத்து வந்தால் சொந்தக்காரன் சொந்தக்காரனைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டான். ஆனால் தான் நேசிப்பவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் ஓட மாட்டான். தீப்ஸ்காரர்களின் கணக்கு அவ்வளவுதான்.

அதே இடத்தில் இன்னொரு கதையும் வருகிறது. கீழே விழுந்து கிடக்கும் ஒரு வீரன் மீது எதிரி வாளை ஓங்குகிறான். இவன் கெஞ்சுகிறான், உயிருக்காக இல்லை: மார்பில் குத்து, முதுகில் காயத்தோடு என் உடலைப் பார்த்து என் காதலன் தலைகுனியக் கூடாது. புறப்புண் என்ற சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா? புறநானூற்றில் கிழவி வாளோடு போர்க்களத்துக்குப் போய் மகன் முதுகில் வெட்டுப்பட்டானா என்று பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். அங்கே தாய் பார்ப்பாள் என்ற வெட்கம், இங்கே காதலன் பார்ப்பான் என்ற வெட்கம். இந்த வீரனை ‘நண்பனுக்காக’ என்று மாற்றி எழுதினால் கதையில் பாதிச் சூடு போய்விடுகிறது.

நட்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா என்ன. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நண்பர்கள். கிரேக்க மொழியிலும் நட்புக்கு பிலியா, காதலுக்கு எரோஸ் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன, இந்தப் படையைக் கட்டிப்போட்டது எரோஸில் பிறந்த பிலியா என்று புளூடார்க் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். நீங்கள் ஒன்றை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறீர்கள்.

சரி, மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் எல்லாம் சமத்துவமாக, சுதந்திரமாக இருந்தது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. அந்த உறவில் ஒருவன் மூத்தவன், இன்னொருவன் இளையவன், அந்த வழக்கத்தில் நாம் இன்று ஏற்கவே முடியாத வயது வித்தியாசங்களும் இருந்தன. தீப்ஸில், இளையவன் வயது வந்து ஆண்மகனாகப் பதிவாகும்போது காதலன் அவனுக்கு முழுப் போர்க்கவசம் பரிசளிப்பான் என்று புளூடார்க் இன்னொரு நூலில் குறிப்பிடுகிறார். ஊருக்கு ஊர் வழக்கமும் மாறும். ஏதென்ஸில் உடலை விற்றவன் சபையில் பேசும் உரிமையை இழப்பான். ஸ்பார்ட்டாவில் இந்த உறவில் உடல் ஆசைக்கு இடமே கிடையாது என்று எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன், இதைச் சிலர் நம்பாததில் தனக்கு ஆச்சரியமில்லை என்றும் அவரே சேர்த்துக்கொண்டார்! ஸ்பார்ட்டாவின் அபிமானியான அந்தச் செனபோன்தான், தீப்ஸ் அந்த ஊரைத் தோற்கடித்த காலத்தில் வாழ்ந்தும், தன் வரலாற்றில் புனிதப் படையின் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டவர். புளூடார்க்கோ நானூறு வருடம் கழித்து எழுதுகிறார். அதனால் இது முழுக்கக் கட்டுக்கதையோ என்று கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தையும் தாராளமாக எழுதுங்கள், பக்கம் ஒன்றும் வீணாகாது.

போர்களை நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள். தீப்ஸ் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்த 375-இன் தெகிரா, 371-இன் லியூக்ட்ரா, லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவின் அரசனும், களத்தில் நின்ற 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேரும் செத்தது, எல்லாம் சரி. ஆனால் கெய்ரோனியாவில்தான் உங்கள் ‘நண்பர்கள்’ நொண்டியடிக்கிறார்கள். கி.மு. 338-இல் மாசிடோனியாவின் பிலிப் அங்கே ஜெயிக்கிறான், புனிதப் படையின் அணிக்குள் முதலில் பாய்ந்தது 18 வயது மகன் அலெக்சாண்டர் என்பார்கள். போர் முடிந்து பிணங்களுக்கு நடுவே நடந்து வந்த பிலிப், 300 பேரும் ஒரே இடத்தில் நெஞ்சில் ஈட்டி வாங்கிக் கிடப்பதைப் பார்த்து நிற்கிறான். காதலர் படை இதுதான் என்று தெரிந்ததும் அழுகிறான். இவர்கள் வெட்கக்கேடாக எதையாவது செய்தார்கள், செய்யவிட்டார்கள் என்று நினைக்கிறவன் நாசமாய்ப் போகட்டும் என்கிறான். உங்கள் புத்தகத்திலும் இந்தச் சாபம் இருக்கிறது. வெறும் நண்பர்கள் என்றால் வெட்கக்கேடு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மகள் கேட்ட இரண்டாவது கேள்வி இது.

புளூடார்க் அந்த ஊர்க்காரர், கெய்ரோனியாவிலேயே பிறந்தவர். அலெக்சாண்டர் கூடாரம் அடித்ததாகச் சொல்லப்பட்ட ஓக் மரம் அவர் காலத்திலும் ஆற்றோரம் நின்றது. அங்கே இன்றும் ஒரு கல் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. 1879-80-இல் அதன் அடியில் தோண்டியபோது ஏழு வரிசையில் 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. புனிதப் படையினர்தான் என்று பலர் சொல்கிறார்கள், எண்ணிக்கை 300 இல்லையே என்று சிலர் இடிக்கிறார்கள். சிங்கத்தின் மேல் ஒரு எழுத்தும் கிடையாது.

அடுத்த பதிப்பு வந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள், புதிதாக ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன். பழையது என் மகளிடமே இருக்கட்டும். அதில் ‘நண்பர்கள்’ மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ‘காதலர்கள்’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்