தூண்டிலுக்கான உயிர் இரையைப் பிடிக்கவும் கொண்டுசெல்லவும் தெளிவான விதிகள் வேண்டி மனு

அனுப்புநர்:
நன்னீரில் தூண்டில் போடும் ஒருவர்,
உடன் மீன்பிடிக்கும் நண்பர்களின் சார்பாகவும்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை.

பொருள்: உயிர் இரை பிடித்தல், கொண்டுசெல்லுதல், மிஞ்சியதை அகற்றுதல் ஆகியவற்றுக்கு எளிதில் புரியும் விதிகளும், கரையில் அதற்கான வசதியும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆற்றிலும் ஏரியிலும் பல வருடங்களாகத் தூண்டில் போட்டு வருகிறேன். பெரிய மீனுக்கு உயிருள்ள பொடிமீன், மற்றதற்கு மண்புழு, இவைதான் பெரும்பாலும் என் இரை. உயிர் இரைக்கு இருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் தூண்டில்காரர் படித்தவுடன் புரிந்துகொண்டு அன்றைக்கே கடைப்பிடிக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். முக்கியமாக, பொழுது சாயும் நேரத்தில் வாளியில் மிஞ்சிக் கிடப்பதை என்ன செய்வது என்று அது சொல்ல வேண்டும். இப்போது அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடம், யார் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. யார் மீதும் புகார் செய்வது என் நோக்கமல்ல. ஒரு மாலை, ஆற்றில் காலையில் பிடித்த பொடிமீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு நானும் நண்பரும் ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். சோதனைக்கு வந்த பணியாளர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கே பிடிச்சது?" என்று கேட்டார். ஆற்றின் பெயரைச் சொன்னோம். "வேற தண்ணி மீனை இங்கே கொண்டு வரக்கூடாது, தெரியாதா?" என்றார். உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாது. அவர் கோபப்படவில்லை, அபராதமும் போடவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து, ஏரியின் விளிம்பில் அப்படியே கவிழ்த்தார். நாற்பது, ஐம்பது மீன்கள் இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு கணம் திகைத்து நின்றன. அப்புறம் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக் கோரைக்குள் மறைந்துவிட்டன. வெறும் வாளியை என் கையில் கொடுத்து, "இனிமே செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா, அந்த விதி எதைத் தடுப்பதற்காக இருக்கிறதோ அதுவே, அந்த விதியின் பெயரால் எங்கள் கண்ணெதிரே நடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் எத்தனையோ மாலைகளில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். உயிரோடு இருப்பதை வீணாகச் சாகடிப்பானேன் என்று மிச்ச மீனைத் தண்ணீரிலும் மிச்சப் புழுவைக் கரை மண்ணிலும் விட்டுவிட்டு, நல்ல காரியம் செய்ததாக நினைத்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். "கொண்டு வராதே" என்ற வரியை அந்தப் பணியாளர் படித்திருந்தார். கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற வரி அவருக்கும் கிடைக்கவில்லை, எங்களுக்கும் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க மனம் கனத்தது. ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியில் ரஃப் என்ற சிறிய மீன் 1982-இல் முதன்முதலாகக் காணப்பட்டது. வெளியூர்த் தூண்டில்காரர்கள் உயிர் இரையாகக் கொண்டுவந்து மிச்சத்தை விட்டதால்தான் அது அங்கே வந்தது என்று கருதப்படுகிறது. சில ஆண்டுகளிலேயே அது ஏரி முழுக்கப் பெருகி, ஸ்காட்லாந்தின் சில ஏரிகளில் மட்டுமே வாழும் பவன் என்ற அரிய மீனின் முட்டைகளைத் தின்னத் தொடங்கியது. வட அமெரிக்காவில் ரஸ்டி கிரேஃபிஷ் என்ற, சிங்கி இறாலைப் போன்ற நன்னீர் உயிரினம் ஒஹையோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அது இரை வாளிகளில் ஏறி வடக்கே உள்ள ஏரிகளுக்குப் போய், நீருக்கடியில் உள்ள செடிகளை மொட்டையடித்துவிட்டது. அந்தச் செடிகள்தான் அங்கே குஞ்சு மீன்களுக்கு ஒளிவிடம். இணைசேர்ந்த ஒரே ஒரு பெண் கிரேஃபிஷ் போதும், புதிய ஏரியில் ஒரு குடியே உருவாகிவிடும். மண்புழுவில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு. பனியுகத்தில் பனிப்பாளம் மூடிக் கிடந்த வட அமெரிக்கக் காடுகளில் அதற்குப் பிறகு மண்புழுவே இருந்ததில்லை. அங்கே கரையில் கொட்டப்பட்ட இரைப் புழுக்களும் சேர்ந்து, காட்டுத் தரையின் சருகு மெத்தையைத் தின்று தீர்த்து, அதில் முளைக்க வேண்டிய செடிகளைக் குறைத்துவிட்டன.

மீனையும் புழுவையுமாவது கண்ணால் பார்க்கலாம். வாளித் தண்ணீரில் இருப்பதைப் பார்க்கவே முடியாது. வரிக்குதிரை மட்டி என்ற சிப்பியினத்தின் இளம்பருவம் தண்ணீரில் மிதக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது வளர்ந்து குழாய்களை அடைக்கும்போதுதான் வந்திருப்பதே தெரியும். நோய் இன்னும் மோசம். வி.எச்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வைரஸ் நோயால் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பேரேரிகளில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் அது பிடிக்கக்கூடிய மீனினங்கள் இருபதுக்கும் மேல். 2006 அக்டோபரில் அமெரிக்க அரசு, பேரேரிகளை ஒட்டிய எட்டு மாநிலங்களிலிருந்து உயிர்மீனை வெளியே கொண்டுசெல்வதற்கே கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. நோய் உள்ள மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. துள்ளிக்கொண்டிருக்கிறதே, நல்ல மீன்தான் என்று சொல்லிவிட முடியாது.

சரி, அப்படியானால் உயிர் இரையையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிடலாமே என்று தோன்றலாம். ஸ்காட்லாந்தில் உயிர்மீனை இரையாக்க அனுமதியில்லை. அந்த முடிவில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தடை என்றால் அதைத் தாங்கள் தெளிவாக அறிவித்தால் கட்டுப்படுவோம். ஆனால் அனுமதியும் தடையும் பாதிப் பாதியாக, எங்கேயோ ஒரு அறிவிக்கையின் அடியில் இருப்பதுதான் ஆபத்து. தெரிந்தவர் கடைப்பிடிப்பார், தெரியாதவர் வாளியோடு ஊர் ஊராகப் போவார்.

எங்கள் முதல் வேண்டுகோள், பிடித்த நீரிலேயே பயன்படுத்துவது என்பதை அடிப்படை விதியாக்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படித்தான் இருக்கிறது: உயிர்மீன் இரையை அது எடுக்கப்பட்ட நீரில் மட்டுமே போடலாம். ஒரே வரி, குழந்தைக்கும் புரியும். இந்த ஏரியில் பிடித்தாயா, இந்த ஏரியிலேயே போடு. வேறு நீருக்குப் போகும் இரை, நோயில்லை எனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பண்ணை மீனாக, கையில் ரசீதோடு இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் அந்த ரசீதில் விற்பவர் பெயர், மீனின் வகை, எண்ணிக்கை, தேதி எல்லாம் இருக்கும், 10 நாள்தான் செல்லும். சோதனைக்கு வருபவருக்கும் வேலை எளிது, எங்களுக்கும் வாய்ச்சண்டை இல்லை.

எந்தெந்த இனத்தை இரையாகப் பிடிக்கலாம் என்ற பட்டியலைப் படத்தோடு தர வேண்டும். "தடை செய்யப்பட்டவை" என்று நீளமாகப் போடுவதைவிட "இவை மட்டும் பிடிக்கலாம்" என்று பத்துப் பன்னிரண்டு மீன்களைக் காட்டினால் போதும். விரல் நீள மீனில் எது இரை மீன், எது நாளை பெரிய மீனாக வேண்டிய குஞ்சு என்று பிரித்தறிவது பழகியவருக்கே கஷ்டம். வாயோரத்து மீசை, செதிலின் அளவு, முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம், இவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் படமாக இருந்தால் வாளியருகே வைத்தே ஒப்பிட்டுக்கொள்வோம்.

பிடிக்கும் கருவிக்கும் அளவு சொல்ல வேண்டும். இரைக்கூண்டின் வாய் எவ்வளவு, வலைக்கண் எவ்வளவு, ஒருவர் எத்தனை கூண்டு வைக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம். கூண்டில் உரிமையாளரின் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும், தினமும் ஒரு முறையாவது தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். மறந்துபோன கூண்டு தண்ணீருக்கடியில் கிடந்து கொன்றுகொண்டே இருக்கும். கயிறு அறுந்த பழைய கூண்டு ஒன்றை நான் ஒரு முறை கரைக்கு இழுத்தேன். உள்ளே காற்றுக்கு மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்த ஆமை ஒன்று, உள்ளங்கை அளவுதான் இருக்கும். கூண்டின் கம்பியில் அதன் நகம் மாட்டியிருந்தது.

கொண்டுசெல்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மீனுக்கு வலிப்பதும் இங்கேதான், விதி மீறப்படுவதும் இங்கேதான். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இதனால்தான் மதிய வெயிலில் வாளி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. அதைப் பார்த்த தூண்டில்காரர் என்ன செய்வார்? அடுத்து வரும் குளத்திலோ வாய்க்காலிலோ தண்ணீரை மாற்றிக்கொள்வார், பழையதை அங்கேயே ஊற்றுவார். இரண்டு நீர்நிலைகள் கலப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். மினசோட்டா மாநிலத்தில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: நீர்நிலையை விட்டுக் கிளம்பும்போது வாளித் தண்ணீரைக் கரையில் வடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாய்த் தண்ணீரையோ பாட்டில் தண்ணீரையோ நிரப்பிக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீன் செத்துவிடும் என்பதால், குளோரின் நீக்கிய தண்ணீரைத் தயாராக எடுத்துவரச் சொல்லலாம். மூடியுள்ள பாத்திரம், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார், குறைந்த எண்ணிக்கையில் மீன், இவ்வளவு இருந்தால் வழியில் தண்ணீர் மாற்றும் தேவையே வராது.

கடைசியாக, மிச்சம். என்னைப் பொறுத்தவரை இந்த மனுவின் உயிரே இதுதான். படகு இறங்கும் இடங்களிலும் தூண்டில்காரர் கூடும் கரைகளிலும் மிஞ்சிய இரையைப் போட மூடியிட்ட குப்பைத் தொட்டி ஒன்று வையுங்கள். "மிஞ்சிய மீன், புழு, வாளித் தண்ணீர் எதுவும் ஏரிக்குள் போகக்கூடாது" என்று பக்கத்தில் ஒரு பலகை. தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி, திரும்ப ஏரிக்குள் வடியாத தரையில் ஊற்ற வேண்டும், மீனும் புழுவும் தொட்டிக்குள் போக வேண்டும். அதே நீரில் பிடித்து, வேறெங்கும் போகாமல் அங்கேயே இருந்த மீனைத் திருப்பி விடலாம் என்றால் அதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். உயிரோடு இருப்பதைக் குப்பையில் போடுவதற்கு மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும், எனக்கே இன்னும் கை தயங்குகிறது. ஏன் அப்படிச் செய்யச் சொல்கிறோம் என்ற காரணமும் அந்தப் பலகையில் இரண்டு வரி இருந்தால் கை தயங்காது.

சோதனைப் பணியாளர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். விதி மீறிய இரையைப் பறிமுதல் செய்தால் அதை எப்படி அகற்றுவது என்பது அவர்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பறிமுதலுக்கு ஒரு சீட்டும் கொடுக்கட்டும்.

தொட்டி வைக்கும் இடங்களில் அதைக் காலி செய்து கழுவி வைக்கும் பொறுப்பை எங்களைப் போன்றவர்களிடம் முறைபோட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். படப்பட்டியல் தயாரிக்கும்போது மீன்களைப் பிடித்துக் காட்டவும், பலகையின் வாசகத்தைப் புதியவர்களிடம் படிக்கக் கொடுத்துப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லவும் எங்களால் முடியும். அடுத்த மீன்பிடிப் பருவம் தொடங்குவதற்கு முன் எங்களில் ஓரிருவரை நேரில் அழைத்து இதைக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த ஏரியில் நாங்கள் கொண்டுபோன ஆற்று மீன்கள் இப்போது என்ன ஆயின என்று ஒரு முறை வலையிட்டுப் பார்க்கவும் ஆவன செய்ய வேண்டும். இடத்தை நேரில் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)