அரிசி ஆலைக் கிடங்கில் மூன்று நாள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள தோழர்களே, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே,

டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று தொடங்கிய நம் சமூக நீதித் திரைப்பட விழா, மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. நன்றி சொல்லியாக வேண்டியவர்களில் பாதிப் பேர் மேடைப் பக்கமே வரவில்லை. சிலர் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் கிடங்கு கொடுத்தவருக்கு. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், முன்பணம் கட்டியிருந்த கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தது. "பிரச்சினையான படமாமே, வேணாம் தம்பி." எந்தப் படம் என்று கேட்டால் தெரியவில்லை, யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. முன்பணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் டீக்கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த அரிசி ஆலைக்காரர், "குறுவை நெல்லு போயிடுச்சு, சம்பா வர்றதுக்குத் தை பொறந்துடும். குடோன் சும்மாதானே கெடக்கு" என்றார். வாடகை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உள்ளே யாரும் பீடி பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஐயா, ஒரே ஒருவர் பிடித்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டோம்.

டிசம்பரில் நாகப்பட்டினம் பக்கம் மழை பெய்யும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அது தகரக் கூரையில் பெய்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. முதல் படம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் ஒரு வசனமும் காதில் விழவில்லை. சவுண்டு சர்வீஸ் தம்பி ஒலியை ஏற்ற ஏற்ற மழையும் ஏறியது. ஆலையின் சுமை தூக்கும் தோழர்கள் நான்கு பேர் யாரும் கேட்காமலே ஏணி போட்டு ஏறி, பழைய சாக்குகளைக் கூரை நெடுகப் பரப்பிக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இறங்கி வந்தவர்களுக்குத் துவட்டிக்கொள்ளக் கொடுக்க எங்களிடம் ஒரு துண்டுகூட இல்லை. திரைக்கு மாற்றாக வைத்திருந்த வெள்ளைத் துணியைத்தான் கொடுத்தோம்.

அன்று ஓடியது ஆனந்த் பட்வர்தனின் ஆவணப்படம் 'ஜெய் பீம் காம்ரேட்'. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்து தலித்துகள் இறந்ததும், அதைப் பொறுக்க முடியாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கியதும் அந்தப் படத்தின் தொடக்கம். பதினான்கு ஆண்டுகள் எடுத்த படம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேச்சு மராத்தியிலும் இந்தியிலும், கீழே எழுத்து ஆங்கிலத்தில். நம் கூட்டத்தில் பெரும்பாலானோர் வயல் வேலை செய்பவர்கள். இரண்டு கல்லூரி மாணவிகள் ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் எழுதி, படம் ஓடும்போதே மாற்றி மாற்றி மைக்கில் வாசித்தார்கள். பாட்டு வந்தால் வாசிக்க மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, வாக்குவாதம்கூடச் செய்தேன். பாட்டு வந்தது, அவர்கள் மைக்கை அணைத்தார்கள், பறையடிக்கும் பெரியவர் ஒருவர் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தார். மகள்களே, நான் சொன்னது தப்பு.

இரண்டாம் நாள் 'ராமையாவின் குடிசை'. பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த கீழ்வெண்மணி ஆவணப்படம். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில், 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தோம். படம் முடிந்து பேச்சு நடக்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அரைப்படி நெல் கூடுதல் கூலின்னா எவ்வளவு சார்?" என்றான். பேச்சாளர் கிராமில் கணக்குச் சொல்லப் பார்த்துத் தடுமாறினார். முன்வரிசையில் இருந்த அப்பாயி ஒருவர் பேரனை வீட்டுக்கு விரட்டி அரைப்படியை எடுத்துவரச் செய்தார். கிடங்கு மூலையில் கூட்டி வைத்திருந்த நெல்லை அதில் அள்ளி, தலைதட்டி, பையனின் இரண்டு கையிலும் கொட்டினார். விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. "இம்புட்டுத்தான்டா" என்றார். அப்புறம் பேச்சாளர் தொடரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பாயி, உங்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த மடல் இரண்டு வாரம் தாமதம்.

மூன்றாம் நாள், மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்ய பாரதி எடுத்த ஆவணப்படம் 'கக்கூஸ்'. 2017இல் வெளிவந்தபோது பல ஊர்களில் திரையிட இடம் மறுக்கப்பட்ட படம், ஆகவே எங்கள் மண்டபக் கதை அதற்குப் புதிதல்ல. துப்புரவுப் பணி முடித்து நேராக வந்த அக்காமார்கள் முப்பது பேர் இருப்பார்கள். மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களில் சிலர் கேள்விப்பட்டிருந்தார்கள். 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டதை யாரும் சொல்லவில்லையாம். வந்திருந்த வழக்கறிஞர் தணிக்கைச் சட்டம் பற்றிப் பேசத் தயாரித்து வந்தவர். இந்திப் பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த குறும்படத்துக்காகத் தணிக்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது, அதில் நம் சென்னையும் ஒரு நகரம் என்றெல்லாம் குறிப்பு வைத்திருந்தார். அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து பெயர், தேதி, ஒப்பந்தக்காரர் விவரம் எல்லாம் எழுதிக்கொண்டார். விழா பதினொன்றரை வரை போனதற்கு அதுதான் காரணம். கடைசி பஸ்ஸை விட்டவர்களை மினி லாரியில் கொண்டுபோய் இறக்கிய ஓட்டுநர் தோழருக்கும் அதே கணக்கில் நன்றி.

டீக்கு, சுண்டலுக்கு, ஜெனரேட்டருக்கு, நாற்காலிக்கு உதவியவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டோம். மூன்று நாளும் கடைசி வரிசையில் குறிப்பெடுத்தவருக்கும் நன்றி. அவ்வளவு கவனமாகப் படம் பார்த்தவர் வேறு யாருமில்லை.

கிடங்கைக் கூட்டும்போது கிடைத்தவை: பச்சை நிறக் குழந்தைச் செருப்பு ஒன்று, மூடியில்லாத டிபன் டப்பா, ஆண்கள் குடை இரண்டு, பெண்கள் குடை மூன்று, ஒரு மூக்குக் கண்ணாடி. எல்லாம் சவுண்டு சர்வீஸ் கடையில் இருக்கின்றன. அரைப்படியை மட்டும் மறுநாளே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
விழாக் குழுவுக்காக