சாமி இல்லாத வீட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடவுள் பயம் போனால் ஒழுக்கமும் போய்விடும் என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கோயில் பக்கமே போகமாட்டார். ஆனால் கைமாற்று வாங்கினால் சொன்ன தேதிக்கு முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார், கைமாற்று விஷயத்தில் அவரும் அப்படித்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் படகோடு வந்த மீனவர்கள், மொட்டைமாடியில் நின்றவர்களிடம் என்ன சாமி கும்பிடுவீர்கள் என்றா கேட்டார்கள்? (அவர்களில் பலர் பக்திமான்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.) 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் பகுத்தறிவாளர். சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டா தொழிலாளர் பக்கம் நின்றார்?

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்பா இறந்தபோது அம்மாவுக்குச் சீக்கிரம் ஆறுதல் கிடைத்தது. எனக்கு ரொம்ப நாள் ஆனது.

– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை