உப்புக்காற்றில் பழைய டீசல் பிக்கப்

ஆசிரியருக்கு,

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் நெல்லும் மிளகாயும் ஏற்றும் பழைய பிக்கப்புகளை உப்புதான் தின்கிறது. சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள். பல போர்வெல்களில் வருவதும் உப்புநீரே. ஊரணித் தண்ணீர் நல்லது. துருவைத் தடுக்கக் கழிவு ஆயில் பூசினால், இணைப்புகளில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் ஊதிக் கெடும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்புப் படிந்து அடைத்தால் இன்ஜின் சூடேறி, இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விடும். தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

டேங்க் காலியாகக் கிடந்தால் இரவில் உள்ளே ஈரம் வியர்த்து டீசலில் தண்ணீர் சேரும். பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். மாலையிலேயே நிரப்புங்கள். வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடித்து மூடுங்கள். பிறகு உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற மேல்திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசல் கைப்பம்பை அடித்து, அடித்தபடியே இறுக்குங்கள். டீசல் குழாயில் காற்று தங்கினால் வண்டி கிளம்பாது.

விவசாயி,
திருப்பாலைக்குடி