ஆலய மழைநீர் வடிகால் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு,

சென்ற பொதுச்சபைக் கூட்டத்தில் தாங்கள் அங்கீகரித்த மழைநீர் வடிகால் திருப்பணி, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே நிறைவெய்தியதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்.

மண்டபத்தின் தகரக் கூரையும் சீமெந்து போட்ட வெளிவீதியும் மழைநீரை மண்ணில் இறங்கவிடாமல் பணிய லயத்தின் (கீழ்ப்புறத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின்) பின்சுவருக்கே அனுப்பிவந்தன. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தாலே ஏறக்குறைய 2,360 லீட்டர் நீர் சேர்ந்துவிடும். கூடுதல் சந்தா செலுத்திய மேல் லயத்துப் பாதையை முதலில் செய்ய வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. எனினும், எவர் வாசலில் பிறர் கூரைநீர் வந்து விழுகிறதோ அங்கிருந்தே தொடங்குவதெனச் சபை தீர்மானித்தது.

செலவைப் பங்கிடுவதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வழக்கம் உதவியது. அங்கு வணிக வளவுகளின் மழைநீர்க் கட்டணம் நீர்மானியின் அளவைக் கொண்டே அறவிடப்பட்டதால், குழாயே இல்லாத வாகனத் தரிப்பிடங்கள் எதுவும் செலுத்தாமல் தப்பின. 2010 இல் அம்முறையை மாற்றத் தொடங்கி, நீர் புகாத தரையின் பரப்பைக் கணக்கில் எடுத்தார்கள். மறு ஆண்டே, மழைநீரை மரக்குழிகளிலும் மழைநீர்த் தோட்டங்களிலும் (நீர் ஊறுவதற்கான செடிப் பள்ளங்கள்) இறக்கும் 25 ஆண்டுத் திட்டமும் அங்கே ஆரம்பமாயிற்று. அதே நியாயப்படி, ஆகப் பெரிய கூரை ஆலயத்தினுடையது என்பதால் செலவின் பெரும்பகுதியை ஆலய நிதியே ஏற்றது. பணிய லயத்தாரிடம் தனியாக எதுவும் அறவிடவில்லை.

ஆயினும் அந்நகரத்து முறையை மலையில் அப்படியே பின்பற்ற இயலாது. சமதரையில் நன்மை செய்யும் ஊறல், செங்குத்துச் சரிவில் மண்ணையே பெயர்த்துவிடும். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டதை நம்மவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆகவே மேட்டு விளிம்பில் குழி எதுவும் தோண்டப்படவில்லை. பீலியில் வரும் நீர், படிகளாகக் கல் பதித்த கானில் வேகம் தணிந்து இறங்கி, விளையாட்டுத் திடலோரம் மணலும் சல்லியும் இட்ட மழைநீர்த் தோட்டத்தில் சேர்ந்து, மிகுதி ஓடைக்குச் செல்கிறது. தேங்கும் நீர் இரண்டு நாளுக்குள் வடிய வேண்டும். இல்லாவிடில் நுளம்பு பெருகும். சரிவின் குறுக்கே வெட்டிவேர் நடப்பட்டுள்ளது.

கானின் வாயிலுள்ள கம்பி வலையில் தேங்காய் நாரும் அர்ச்சனைப் பூவும் சிக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அதனைத் துப்புரவாக்கும் பொறுப்பு லயங்களுக்கிடையே முறைவைத்து வழங்கப்பட்டுள்ளது (துப்புரவு என்றதும் பெண்களையே பார்க்கும் வழக்கம் இதில் வேண்டாம்).

வரவு செலவு விபரம் ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஆட்சேபங்களை அடுத்த கூட்டத்துக்கு முன்னர் எழுத்தில் தரவும்.

திருப்பணிச் சபையினர்