மதுரை வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கு: உதவித்தொகை விஷயத்தை ஆகஸ்டிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, திண்டுக்கல் என்று இந்த வட்டாரத்தில் கலை அறிவியல் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முழு உதவித்தொகையோடு வெளிநாட்டில் படிக்க வழி இருக்கிறது என்பதை உங்கள் மாணவர்கள் உங்களிடமிருந்து கேள்விப்படுவதே இல்லை. வேறு எங்கோ கேள்விப்பட்டுத் தாமாகவே விண்ணப்பிக்கிற ஒன்றிரண்டு பேரும் கல்லூரி ஆபீஸில் ஒரு சான்றிதழுக்காக நடந்து நடந்தே கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யப் பெரிய பணமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. அதனால்தான் அரசாங்கத்திடம் கேட்காமல் நேராக உங்களிடமே கேட்கிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இங்கே சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஐரோப்பிய ஒன்றியம் தருகிற எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் நிலத்தடி நீர் பற்றிய முதுநிலைப் படிப்புக்குப் போனேன். லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் என்று மூன்று நாட்டில் மூன்று ஊர்களில் படிக்கிற படிப்பு அது. இப்போது மதுரையைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, எந்தக் கண்மாயின் வரத்துக் கால்வாயை முதலில் சரிசெய்வது என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையில் இருக்கிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம் பக்கம் பேச்சு உடனே லோனுக்குப் போய்விடும். காளவாசலிலும் கே.கே.நகரிலும் இருக்கிற கன்சல்டன்சிகளுக்குள் நுழைந்தால் எந்த நாடு, எந்த பேங்க், எவ்வளவு லோன் என்றுதான் கேட்பார்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தருகிற பல்கலைக்கழகங்களை நம்பி நடக்கிற தொழில் அது, உதவித்தொகையில் போகிற பிள்ளையால் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை, ஆகவே அவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் கல்லூரியும் பேசவில்லை என்றால் வேறு யார்தான் பேசுவது? கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி அடமானம் கேட்கும். நம் ஊரில் அடமானம் என்றால் வீடு, இல்லாவிட்டால் தோட்டம்.

என்னோடு படித்தவர்களில் அப்படி லோன் போட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது, என்னைவிடக் கடுமையாக உழைத்தவர்கள். ஆனால் படிப்பு முடிவதற்கு முன்பே மாதத் தவணைதான் அவர்கள் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. படித்தது ஒன்று, பார்த்த வேலை வேறொன்று. குடோனில் பெட்டி அடுக்கினாலும் சரி, முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தாலும் சரி, ஊரில் வட்டி ஏறாமல் இருந்தால் போதும் என்ற நிலைமை. ஊருக்குத் திரும்புவதை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது, இங்கே கிடைக்கிற சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது. நான் திரும்பி வந்ததற்கு ஊர்மேல் உள்ள பாசமும் ஒரு காரணம்தான், ஆனால் தலைக்கு மேல் கடன் இருந்திருந்தால் அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிற என் தோழிகளைவிட எனக்குச் சம்பளம் குறைவு. இருந்தாலும் இந்த வேலையை நானாகத் தேர்ந்தெடுத்தேன். உதவித்தொகை ஒரு மாணவருக்குச் செய்கிற பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன், படித்து முடித்த பிறகு என்ன செய்வது என்பதை பேங்க் மேனேஜரின் கையில் விடாமல் அவரே முடிவு செய்ய முடிகிறது.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்ததால்தான் 1913-இல் அம்பேத்கரால் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது. பிறகு அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பணம் நின்றது, 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி லண்டன் போவதற்கு 1920 ஆகிவிட்டது. அவருக்கே அந்த நிலைமை. இன்றைக்கு யாரும் மன்னரைத் தேடிப் போக வேண்டியதில்லை, விண்ணப்பம் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது, உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை.

படிப்பு பார்வையை எப்படி மாற்றுகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு வருவது என்றுதான் போகும்போது நானும் நினைத்துக்கொண்டு போனேன். வகுப்பில் பார்த்தால் எத்தியோப்பியா, உகாண்டா, கொலம்பியா, வங்கதேசம் என்று நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்தான் நிறைய. வங்கதேசத்துத் தோழி தன் ஊரில் குடிக்கப் போட்ட போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதைப் பற்றிச் சொல்ல, நான் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கழிவால் கெட்டுப்போன கிணறுகளைப் பற்றிச் சொல்ல, எத்தியோப்பியத் தோழர் ஆழ்துளை போடப் போட மேல் கிணறு வற்றுவதைச் சொல்ல, எங்கள் மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதைதான் என்று புரிந்தது. நம் ஊருக்கு மட்டும் வந்த சாபம் என்று எதை நினைத்து வளர்ந்தேனோ, அதற்குக் காரணம் உண்டு, அளக்க முடியும், பாதியையாவது சரிசெய்ய முடியும் என்று அங்கேதான் நம்பிக்கை வந்தது. இன்றைக்கும் ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் மெசேஜ் போடுகிறேன்.

அப்புறம் டெல்ஃப்ட் இருக்கிற நெதர்லாந்தின் நீர் வாரியங்கள். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருகிற அமைப்பு அது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டு அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், விவசாயிகளுக்கென்று தனியாக இடமும் உண்டு. கால்வாயில் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று மாடு வளர்க்கிறவரும் இன்ஜினியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாதாடுவதைப் பார்த்தபோது எனக்கு ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பராமரித்த நம் குடிமராமத்தும், மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சியும்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடம் இருந்த ஏற்பாட்டை நாம் கைவிட்டோம், அவர்கள் தங்களுடையதைச் சட்டமாக்கி, வரி போட்டு, தேர்தல் வைத்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஊருக்கு வந்து கண்மாய்க்கரையில் பெரியவர்களிடம் பேசும்போது, அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கருவியை வெளியே எடுக்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு பெண்ணை லோன் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டால், அந்தப் பணத்தில் கல்யாணத்தையே முடித்துவிடலாமே என்று பத்துப் பேர் சொல்வார்கள். வீட்டுக் காசு ஒரு ரூபாய் வேண்டாம், மாதாமாதம் பணம் அவர்களே தருவார்கள் என்று கையில் ஒரு கடிதம் இருந்தால் அதே வீட்டில் பேச்சே வேறு. எங்கள் வீட்டிலும் பெரியப்பாவை மசிய வைத்தது என் மார்க் இல்லை, அந்தக் கடிதம்தான். உங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் பெண்கள் படிக்கிறார்கள் என்றால் இதை அவசரமாக யோசியுங்கள்.

சரி, விண்ணப்பம் எங்கே முட்டுகிறது? மார்க்கில் இல்லை. எராஸ்மஸ் முண்டஸுக்குக் கடைசி ஆண்டில் இருக்கிறவர்களே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடும். தேர்வானால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதம் வரை கிடைக்கும், இந்திய மாணவர்கள் வருடா வருடம் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பாட மதிப்பெண்களையும் சேர்த்துக் கல்லூரி தருகிற சான்று வேண்டும், ஆங்கில வழியில் படித்தார் என்ற சான்று வேண்டும், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை வேண்டும். டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிக் கொடுத்தால் கிளார்க் லீவு, சார் மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வா. நான் படித்த இடத்திலும் இதே கதைதான், எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். பரிந்துரை கேட்டால் நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்கள். அங்கே பல இடங்களில் ஆசிரியரின் கல்லூரி மெயிலுக்கே லிங்க் அனுப்புவார்கள், அவரே திறந்து பதில் எழுத வேண்டும். நம் ஆசிரியர்கள் பலருக்குக் கல்லூரி மெயில் முகவரியே இல்லை, இருந்தாலும் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளையின் இரண்டு வருட வாழ்க்கை திறக்காத மெயிலில் கிடந்து காலாவதியாவதை நான் பார்த்திருக்கிறேன். தாங்க முடியவில்லை.

இன்னொன்று, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி எழுதுகிற கடிதம். நம் பிள்ளைகள் இன்டர்நெட்டில் எடுத்து, சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம், நான் கடின உழைப்பாளி என்று எழுதி அனுப்புகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு ஆசிரியை என்னை உட்கார வைத்து, உங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை என்ன என்று கேட்டார். 58 கிராமக் கால்வாயைப் பற்றிச் சொன்னேன். வைகை அணை 67 அடியைத் தாண்டினால்தான் அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் வரும், வராத வருடங்களில் போராட்டம், போர்வெல், கடன் என்று எங்கள் ஊர் எப்படி ஓடியது என்று சொல்லச் சொல்ல, இதை எழுது என்றார். எழுதினேன். அந்த அம்மா வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருந்தால் நான் இன்றைக்கு இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவ்வளவு மெல்லிய நூலில் ஒரு மாணவியின் எதிர்காலம் தொங்கக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராதே என்று சிலர் சொல்கிறீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆகிற பணம் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்குப் பெரிய தொகை, அது உண்மையான தடை, அதில் நான்கைந்து பேருக்காவது கல்லூரியே கட்டலாம். இங்கிலீஷ் பேச்சு மற்றபடி போன இடத்தில் மூன்று மாதத்தில் வந்துவிடும், வகுப்பில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி கிடையாது.

போனால் திரும்ப மாட்டார்கள் என்கிறவர்களுக்கு: பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் போனால் முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும், காமன்வெல்த் உதவித்தொகையிலும் திரும்புவது நிபந்தனைதான். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், ஜெர்மனியின் டாட் அமைப்பு தருகிற சில உதவித்தொகைகளுக்கும் அப்படியே. அதாவது இன்றைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் இது தெரிந்திருந்தால் நாளைக்கு உதவும். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பட்டியல் சாதி மாணவர்களுக்கு, சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் அதிலேயே இடம் உண்டு. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இந்தப் பிரிவுகளில் வருகிற வீடுகள் எத்தனை என்று உங்கள் அட்மிஷன் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாடு அரசின் ஆதி திராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் தனியாக வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் தருகிறது. இதில் ஒன்றாவது உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறதா?

நான் கேட்பது இவ்வளவுதான். இதற்கென்று ஒரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போடுங்கள், சும்மா பெயருக்கு இல்லாமல் அவருக்கு வாரத்தில் சில வகுப்புகளைக் குறைத்துக் கொடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்று ஆபீஸுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பெயரில் மெயில் முகவரி கொடுத்து, அக்டோபர் முதல் ஜனவரி வரை தினமும் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள், கடைசி ஆண்டு மாணவர்களோடு அவர்களுக்கு முந்தைய ஆண்டு மாணவர்களும் அதில் இருக்கட்டும்.

கூப்பிட்டால் நான் வருகிறேன். இப்படிப் போய்விட்டு வந்த இன்னும் சிலரும் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள், அவர்களையும் அழைத்து வருகிறேன். பொன்னாடை, பயணப்படி எதுவும் வேண்டாம், ஒரு புரொஜெக்டரும் பிள்ளைகள் கேள்வி கேட்கப் போதுமான நேரமும் இருந்தால் போதும். ஆபீஸ் சூப்பிரண்டென்டையும் தயவுசெய்து வரச் சொல்லுங்கள், டிரான்ஸ்கிரிப்ட் பற்றிப் பேசும்போது அவர் அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவி,
உசிலம்பட்டி