காவலர் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஆன்லைன் மோசடியில் அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போனதும் காவல் நிலையத்துக்கு ஓடினோம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்தால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அங்கிருந்த காவலர் வெள்ளைத் தாளை நீட்டி மனு எழுதச் சொன்னார், அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. அவர் மேல் கோபம் இல்லை. இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத கண்கள். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை என்றார்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, போலீஸ் சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இதை ஒருநாள் வகுப்பில் பிரிவு எண்களை வாசித்துக் காட்டினால் கைக்கு வராது, செல்போனைக் கையில் கொடுத்துச் செய்ய வைக்க வேண்டும்.

எங்கள் தெரு ஏட்டு சொல்கிறார், பயிற்சிக்குப் பெயர் வந்தாலும் கடைசி நேரத்தில் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிவிடுகிறார்களாம். சரி, ஆள் பற்றாக்குறைதான். அப்படியானால் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் பயிற்சி நாளைக் குறித்து, அந்த நாளில் வேறு எந்த டூட்டியும் போடக்கூடாது என்று உத்தரவிடுங்கள். முதலில் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கும் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் கொடுங்கள், புகாரோடு வருகிறவர் முதலில் பார்ப்பது அவர்களைத்தான்.